ஊதினால் புகைவிடும் கிண்ணி

உலகத்தில் எல்லாரும் யானைக்கு முன்னால் போய் நிற்பார்கள். பின்னால் போய்ப் பக்தியோடு காத்திருந்த ஒரே மனிதன், என் ஹாஸ்டல் அறைத்தோழன் கிண்ணிச்சாமிதான்.

திருச்சியில் நாங்கள் தாவரவியல் படித்த காலம். மக்கிய சாணத்தில் முளைக்கும் ஒருவகைக் காளான்மேல் அவனுக்குப் பித்து. அதற்குக் குடை கிடையாது. தவிட்டு நிறத்தில் சந்தனக் கிண்ணி மாதிரி இருக்கும். அவன் பெயருக்கும் அதுதான் காரணம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கத்தில் யானை போட்டதை டிபன் கேரியரில் அடைத்துக்கொண்டு என்னோடு டவுன் பஸ் ஏறினான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமி கேட்டார்: "என்னப்பா, பிரசாதமா? சூடா இருக்கே!"

"யானை குடுத்தது மாமி."

மாமி கேரியரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கட்டிலுக்கடியில் ஒரு மரப்பெட்டியில் அது வாரக்கணக்கில் மக்கியது. கடைசியில் ஒரே ஒரு கிண்ணி எழும்பியது. திங்களன்று செய்முறைத் தேர்வு. வெளியூர்ப் பரிசோதகரிடம் அதைக் காட்டத்தான் இத்தனை தவமும்.

சனிக்கிழமை வார்டன் ஃபாதர் மோப்பம் பிடித்து வந்துவிட்டார். "என்னப்பா நாத்தம்! தூக்கி வெளிய போடு!"

"போட்டுடறேன் ஃபாதர். அதுக்கு முன்னாடி லேசா ஒரு ஊது ஊதிப் பாருங்க."

ஃபாதர் முறைத்தார். குனிந்தார். ஊதினார். கிண்ணியிலிருந்து குபுக்கென்று வெண்புகை கிளம்பியது!

"அட! என்னப்பா இது?"

"விதைத்தூள் ஃபாதர். காத்து பட்டா எல்லாம் ஒண்ணா வெடிச்சுக் கிளம்பும்."

"இன்னொரு தடவை ஊதட்டுமா?"

வெளியே போடும் பேச்சு அதோடு போயிற்று. ஃபாதர் நாலு தடவை ஊதினார். பிறகு மாடியே வரிசையில் நின்று ஊதியது. மறைப்பானேன், நானும் ஊதினேன். எங்கள் திறந்த வாய்களைப் பார்த்துச் சிரித்தபடியே நின்றானே தவிர, அவன் யாரையும் தடுக்கவில்லை.

திங்களன்று பரிசோதகர் ஊதினார். ஒன்றும் வரவில்லை. மறுபடி ஊதினார். "எங்கப்பா புகை?"

கிண்ணிச்சாமியின் முகம் வெளுத்துவிட்டது. வேடிக்கை பார்க்க வந்து வாசலில் நின்றிருந்த ஃபாதர் அங்கி நுனியைத் திருகியபடி சொன்னார்:

"புகை வந்தது நெசம் சார். நாங்கதான் ஊதியே தீர்த்துட்டோம்."

பரிசோதகர் சிரித்துவிட்டு, ரெக்கார்டு நோட்டில் ஃபாதரைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னார். கிண்ணிச்சாமி பாஸ்!

போன வாரம் மழைக்குப் பிறகு, எடமலைப்பட்டி புதூரில் ஓர் எருக்குழி ஓரம் அதே கிண்ணியைப் பார்த்தேன். ஆசையாகக் குனிந்தேன். ஊதவில்லை. 'சீக்கிரம் கிளம்பி வாடா, உனக்காக வைத்திருக்கிறேன்' என்று அவனுக்கு ஒரு கார்டு போட்டுவிட்டுக் காத்திருக்கிறேன்.