பக்கெட்டுக்குள் ஒரு கடல்

தேநீர் ஆறுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானித்திருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை சொல்லியும்விட்டார்.

"நான் வெளிநாடு போறேன். தனியா."

மனைவி செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எப்போ?"

"அடுத்த திங்கக்கிழமை. ஒரு தீவு. வருஷம் பூரா வெயில் அடிக்கிற நாடு. பத்து நாள்."

"சரி. போறதுக்கு முன்னாடி குளியலறைக் குழாயைச் சரி பண்ணிட்டுப் போங்க. சொட்டுது."

முப்பத்தொரு வருட உத்தியோகத்தில் ஒரு விண்ணப்பம் இத்தனை சீக்கிரம் அனுமதியாகி அவர் பார்த்ததில்லை.

உத்தியோகம், உரிமம் வழங்கும் அலுவலகத்தில் மூன்றாம் எண் ஜன்னல். அங்கே அவருக்குக் கட்டக்காரர் என்று பெயர். நீட்டப்படும் படிவத்தில் ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் திருப்பித் தள்ளிவிடுவார். 'பொருந்தாது' என்றாவது எழுத வேண்டும். எழுதியது பொய்யென்றால் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். அந்த ஜன்னலில் அழுதவர்கள் உண்டு, கெஞ்சியவர்கள் உண்டு. கட்டத்தை நிரப்பாமல் தாண்டியவர் ஒருவர்கூட இல்லை.

அப்பேர்ப்பட்டவர் இப்போது பொய் சொல்லிக்கொண்டிருந்தார். தீவும் கிடையாது, விமானமும் கிடையாது. அவர் போகவிருந்தது நாலு பஸ் நிறுத்தம் தள்ளியிருந்த பெரிய ஆஸ்பத்திரிக்கு. இதயத்தில் ஒரு வால்வு மூட மறுத்தது. திறந்து பார்த்துத்தான் மாற்ற வேண்டும் என்றார் டாக்டர். "பயப்படாதீங்க. நூத்துக்குத் தொண்ணூறு பேர் நடந்தே வீட்டுக்குப் போறாங்க." மிச்சப் பத்துப் பேர் எதில் போகிறார்கள் என்று இவர் கேட்கவில்லை.

அதைவிட அவருக்குப் பயம் ஒரு பெஞ்சு.

இரண்டு வருடத்துக்கு முன்னால் மனைவியின் தம்பி அதே ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு நாள் கிடந்தான். நாலாவது மாடி வராந்தாவில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்து பெஞ்சில் இருபத்திரண்டு நாளும் அவள் உட்கார்ந்திருந்தாள். கடைசி நாள் அவனுடைய செருப்பை ஒரு பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அன்றிலிருந்து அந்த வழியாகப் போகும் பஸ்ஸில் அவள் ஏறுவதில்லை. சந்தைக்குப் போவதென்றாலும் சுற்றிக்கொண்டுதான் போவாள். அவளை இன்னொரு தடவை அந்த பெஞ்சில் உட்காரவைக்கக் கூடாது. அதற்காகத்தான் கட்டக்காரர் கடலுக்கு நடுவே ஒரு தீவைக் கட்டினார். வெயில் நாடாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. அவளுக்கு வெயில் ஆகாது. மழை நாளில்கூட மின்விசிறி சுற்ற வேண்டும். கூட வருகிறேன் என்று சொல்லமாட்டாள்.

ஆஸ்பத்திரிப் படிவத்தை முந்தைய வெள்ளிக்கிழமையே கொடுத்துவிட்டு வந்திருந்தார். நான்கு பக்கம், அறுபத்தேழு கட்டம். வாங்கிப் பார்த்த பெண், "இவ்வளவு அழகா யாருமே நிரப்பினதில்லை சார்" என்றாள். அந்தப் பெருமை அவருக்கு இரண்டு நாள் இருந்தது.

செவ்வாய்க்கிழமை மாலை வேலை முடிந்து வந்தபோது மனைவி வாசல் அறையில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"யோசிச்சுப் பார்த்தேன். நானும் வர்றேன்."

அவர் கையிலிருந்த சாவிக்கொத்து தரையில் விழுந்தது. "உனக்குத்தான் வெயில் ஆகாதே!"

"குடை எடுத்துக்கறேன்."

"ஒரே மணல். உடம்பெல்லாம் ஒட்டும்."

"தட்டி விட்டுக்கறேன்."

"அங்க கொசு ஒவ்வொண்ணும் பூனைக்குட்டி மாதிரி இருக்குமாம்."

"பூனைக்குட்டின்னா எனக்குப் பிடிக்கும்."

கட்டக்காரருக்கு வியர்த்தது. தீவுக்குப் போகாமலே தீவின் வெப்பம் வந்துவிட்டது. "இந்த ஒரு தடவை நான் தனியா போயிட்டு வந்துடறேனே. கேக்கறேன்ல?"

அவள் அவரையே பார்த்தாள். "என்கிட்ட சொல்ல வேண்டியது வேற ஏதாவது இருக்கா?"

"ஒண்ணும் இல்லையே."

"அப்போ தனியாவே போங்க."

எழுந்து சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்தாள். கழுவுவதற்கு அங்கே ஒரு பாத்திரமும் இல்லை. குழாய் மட்டும் நெடுநேரம் ஓடியது. இவருக்கோ ஜெயித்துவிட்ட திருப்தி. ஜெயித்தவன் காதில் குழாய் சத்தம் எங்கே விழும்?

மறுநாள் எதிர் வீட்டுத் தையற்காரம்மா அளவு நாடாவோடு வந்தாள்.

"தீவுக்குப் போறவருக்குப் பூப்போட்ட சட்டை நாலு வேணும்" என்றாள் மனைவி. "முன்பக்கம் முழுசாத் திறக்கணும். கை நல்லா அகலமா இருக்கட்டும். பட்டன் பெருசா, ஒத்தைக் கையால போடற மாதிரி."

"இன்னொரு கையில சார் என்னக்கா பிடிச்சிருப்பாரு?"

"இளநீர்."

தையற்காரம்மா சிரித்துக்கொண்டே நெஞ்சைச் சுற்றி நாடாவைப் போட்டாள். "இந்த வயசுல, தன்னந்தனியா, பூப்போட்ட சட்டை வேற. ஆளை விட்டுடாதீங்கக்கா."

"எங்க விடப்போறேன்" என்றாள் மனைவி. சொல்லிவிட்டு நாடா சுற்றியிருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த வேலை கடல். போய்ச் சேர்ந்ததற்கு அடையாளமாகக் குரல் செய்தி வர வேண்டுமல்லவா? அலுவலகத்தில் முத்திரை குத்துகிற நண்பர் ஒருவர்தான் இந்த ரகசியத்தில் கூட்டாளி. கைபேசியை அவரிடம் கொடுத்துவிடுவது, இரண்டு நாளைக்கு ஒன்றாக அவர் அனுப்பிக்கொண்டிருப்பது என்று ஏற்பாடு. சனிக்கிழமை காலை கட்டக்காரர் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டார். பக்கெட் நிறையத் தண்ணீர் பிடித்தார். இடது கையால் குவளையை விட்டுக் கலக்கிக்கொண்டே வலது கையில் கைபேசியைப் பிடித்துக் கத்தினார்.

"ஏய், கேக்குதா? அலை பயங்கரம்! வெயில் மண்டையைப் பிளக்குது! நீ வராததே நல்லதாப் போச்சு!"

வெளியிலிருந்து குரல் வந்தது. "உள்ள யாரோட பேசறீங்க?"

"பாடறேன்!"

"பாட்டுல எதுக்கு என்னை வரவேணாங்கறீங்க?"

குரலைத் தணித்துக்கொண்டு இன்னும் மூன்று பேசினார். ஒன்றில் மீன் பார்த்தார், ஒன்றில் படகில் போனார், ஒன்றில் மூக்கு உரிந்துவிட்டது.

ஐந்தாவது, தேவைப்பட்டால் மட்டும் அனுப்புவதற்கு. இரண்டு முறை தொடங்கி நிறுத்தினார். மூன்றாவது முறைதான் வந்தது.

"இனிமே கொஞ்ச நாளைக்குப் பேச முடியாது. அலமாரியில மேல் தட்டுல பச்சை உறை இருக்கு. எல்லாக் கட்டமும் நிரப்பி வெச்சிருக்கேன். நீ எங்கயும் போய் நிக்க வேண்டாம், கையெழுத்து மட்டும் போட்டாப் போதும். அப்புறம்... குழாயைச் சரி பண்ணிட்டேன். ஃபேனை முழுசா வெச்சுக்கோ. இனிமே குறைன்னு சொல்ல ஆளில்லை."

கதவைத் திறந்தால், மனைவி துண்டோடு நின்றுகொண்டிருந்தாள். அவருடைய காய்ந்த தலையைப் பார்த்தாள். துண்டைக் கொடுத்துவிட்டுப் போனாள். இவரும் இல்லாத ஈரத்தைத் துவட்டிக்கொண்டே பின்னால் போனார்.

திங்கட்கிழமை காலை நண்பரின் ஸ்கூட்டர் வந்தது. பூப்போட்ட சட்டை, ஓலைத் தொப்பி, கையில் பெட்டி. மனைவி தொப்பியை நேராக்கினாள்.

"ஜன்னலோர இடமாக் கேட்டு வாங்குங்க."

"வாங்கறேன்."

"காலைல ஒண்ணும் சாப்பிடலையே?"

"விமானத்துல தருவாங்க."

"சரிதான்" என்றாள்.

தெரு முனையில் அவள் நின்று பார்ப்பாளோ என்று பயந்து, ஸ்கூட்டரை விமான நிலையச் சாலையில் கொஞ்ச தூரம் விட்டு, ஊரைச் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். முக்கால் மணி நேரம் கூடுதல். பொய்யென்றாலும் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்பது கட்டக்காரர் கொள்கை.

நாலாவது மாடியில் லிஃப்ட் திறந்தது. தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்து பெஞ்சில், பக்கத்தில் ஒரு ஃப்ளாஸ்க்கும் மடியில் ஒரு பையுமாக அவள் உட்கார்ந்திருந்தாள்.

முத்திரை குத்துகிறவர் ஸ்கூட்டருக்குப் பூட்டுப் போட்டோமா என்று பார்க்கக் கீழே ஓடிவிட்டார்.

"நீ எப்படி வந்தே?"

"பஸ்ல. நேரா வர்ற பஸ்ல."

"யாரு சொன்னது?"

அதற்குள் நர்ஸ் கோப்போடு வந்தாள். "தகவல் தெரிவிக்க வேண்டியவர்னு எழுதியிருக்கே, அவங்க வந்தாச்சா?"

"நான்தாம்மா" என்றாள் மனைவி.

நாற்பத்தொன்றாவது கட்டம். அவருடைய முத்து முத்தான கையெழுத்தில் அவள் பெயர், உறவு, தொலைபேசி எண். எதையும் யோசிக்காமல், எந்தப் படிவத்திலும் அவள் பெயரையே முப்பது வருடமாக எழுதிப் பழகிய கை எழுதியிருந்தது.

"செவ்வாக்கிழமையே ஃபோன் பண்ணிட்டாங்க. வெறும் வயித்தோட வரணும், முன்னாடி திறக்கற சட்டை கொண்டு வரணும்னு" என்றாள் மனைவி. "அந்த ஒரு கட்டத்தைக் காலியா விட்டிருந்தா நான் இப்ப வீட்டுல இருந்திருப்பேன்."

"காலியா எப்படி விடறது?"

"பொய்யா ஏதாவது நம்பர் போட்டிருக்கலாமே."

"அது தப்பு இல்லையா?"

"ஒரு வாரமா என்கிட்ட சொன்னதெல்லாம்?"

"அது வாயால சொன்னது. எழுத்துல தரலையே."

நர்ஸ் அவருடைய சட்டைக் கையைத் தூக்கிப் பார்த்து, "ஊசி போட நல்ல வசதி, தெரிஞ்சவங்கதான் தைச்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டுச் சக்கர நாற்காலி கொண்டுவரப் போனாள்.

அவர் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். "இந்த பெஞ்சுல நீ மறுபடி உட்காரக் கூடாதுன்னுதான்..."

"தெரியும்." அவள் ஃப்ளாஸ்க்கின் மூடியைத் திருகினாள், திறக்காமல் மறுபடி மூடினாள். "இருபத்திரண்டு நாள் உட்கார்ந்தவளுக்குப் பத்து நாள் உட்காரத் தெரியாதா?"

கட்டக்காரர் பெஞ்சின் ஓரத்திலிருந்து அவள் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார்.

சக்கர நாற்காலி வந்தது. அவர் ஏறி உட்கார்ந்தார். மனைவி ஓலைத் தொப்பியை அவர் தலையிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கதவுவரை தள்ளிக்கொண்டு போன பிறகு பின்னாலிருந்து அவள் குரல் வந்தது.

"என்னங்க, அந்த அஞ்சாவதை மட்டும் அழிச்சுடச் சொல்லுங்க. அதுல நீங்க தண்ணியைக் கலக்கவே இல்லை."