ஜன்னலுக்கு உள்ளே யார்?

"1989 ஜூலை. மழை. இதே பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தாயிற்று. விளங்கவில்லை. கேட்க ஆளுமில்லை."

ஒரு பழைய கணினிப் புத்தகத்தின் ஓரத்தில் நான் பென்சிலால் எழுதிவைத்த குறிப்பு இது. எதற்கும் திகதி போட்டு வைக்கிற பேர்வழி நான். (கடைவாய்ப் பல் பிடுங்கிய நாளுக்குக்கூடப் பதிவு உண்டு.) இப்போது சொல்லப்போகிற அந்த ஒரு நாளுக்கு மட்டும் எந்தக் குறிப்பும் எழுதவில்லை. எழுதக் கை வரவில்லை.

ஹட்டனில் என்னோடு படித்த செல்வராஜ், குடும்பத்தோடு இந்தியா போனபின் திருச்சியிலிருந்து அனுப்பிய புத்தகம் அது. கணினியை நான் அதன் அட்டைப்படத்தில்தான் பார்த்திருந்தேன். தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றான அக்கா வீட்டில் இருந்துகொண்டு, கொப்பியில் நிரல் எழுதுவேன். நானே கணினியாகி விடையும் போடுவேன். (பிழையே வந்ததில்லை. எப்படி வரும்?) செல்வராஜ் போனபிறகு இதைப் பற்றிப் பேச யாரும் இல்லாததால், சுவரிடம் பேசினேன்.

"பொடியனுக்கு என்னமோ ஆகிப்போச்சுங்க," என்று அக்கா மச்சானிடம் சொன்னது, அதே சுவர் வழியாக எனக்குக் கேட்டது.

அந்தப் புத்தகத்தில் இரண்டு சொற்கள் என்னை வதைத்தன: இன்டர்பேஸ், பொலிமோர்பிசம். இடைமுகம், பல்லுருவம் என்ற தமிழ்ச் சொற்களை நான் சந்தித்ததெல்லாம் பின்னாளில். அவற்றின் பொருளை எனக்கு விளக்கியது தோட்டத்து ஆபீஸ் ஜன்னல்.

எங்கள் தோட்டத்தில் தொழிலாளர் ஆபீசுக்குள் போவதில்லை. வெளியே ஜன்னலண்டை நின்று, "ஐயா, லீவு வேணுங்க" என்று கேட்க வேண்டும். உள்ளே பெரிய கிளாக்கர் இருந்தால் யோசித்துத் தருவார். சின்னக் கிளாக்கர் இருந்தால் ஏசிவிட்டுத் தருவார். அவர்களுக்குப் பதிலாக வந்தவர் இருந்தால் நாளைக்கு வரச் சொல்வார். கேள்வி ஒன்றுதான், உள்ளே இருப்பவரைப் பொறுத்து வேலை நடக்கும் விதம் வேறு. அதுதான் பொலிமோர்பிசம்! ஜன்னல் தானாக எந்த வேலையும் செய்வதில்லை. 'இங்கே லீவு கேட்கலாம்' என்ற வாக்குறுதி மட்டுமே அது. அதுதான் இன்டர்பேஸ்! உள்ளே இருப்பவர் யார் என்று வெளியே நிற்பவன் கவலைப்பட வேண்டியதே இல்லை.

துள்ளிக் குதித்தேன். சுவரிடம் சொன்னேன். அது வழக்கம்போல் இருந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு கொழும்புக் கம்பெனி, பயிற்சிக்கு ஆள் எடுக்க நுவரெலியாவில் ஒரு விடுதி மண்டபத்தில் நேர்முகம் வைத்தது. விளங்கிய ஏதாவதொரு விஷயத்தை எடுத்துச் சொல்ல வேண்டுமாம். தேர்வானால் கொழும்பு, நிஜமான கணினி. எல்லாவற்றையும்விட, நான் சொல்வது விளங்குகிற மனிதர்கள்! மச்சானின் கோட்டை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

விடுதிக்குள் நீண்ட நடை. ஒரு பக்கம் மூடிய கதவு. மறுபக்கம் திறந்த ஜன்னல். உள்ளே கோட்டும் கண்ணாடியுமாக ஒரு பெரியவர். தோட்டத்தில் வளர்ந்தவன் எங்கே போய் நிற்பான்?

"சேர், இன்டர்வியூவுக்கு வந்திருக்கேன்."

"அப்படியா தம்பி? தமிழ்லயே பேசுங்க. நான் இறம்பொடைப் பக்கம்தான்."

"தொடங்கட்டுங்களா சேர்?"

"ம், சொல்லுங்க."

சொன்னேன். ஜன்னல், கிளாக்கர், லீவு, எல்லாம். நடுவில் எதிர்க்கதவு திறந்தது. ஒரு பெண் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் திரும்பாமலே கையை உயர்த்தினேன்.

"கொஞ்சம் இருங்க மிஸ். இன்டர்வியூ நடக்குது."

"சொரி," என்று அவர் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டார்.

பெரியவர் முன்னால் சாய்ந்தார். "அந்தச் சின்னக் கிளாக்கர் கதைய இன்னொருக்காச் சொல்லுங்க தம்பி." ஏசுகிற குரலோடு மறுபடி சொன்னேன். சிரித்தார். என் வாழ்நாளில் என் பொலிமோர்பிசத்துக்குச் சிரித்த முதல் மனிதர்!

"நல்லாச் சொன்னீங்க," என்றார் கடைசியில். "இதையே அங்கயும் சொல்லுங்க. எத்தனை மணிக்கு உங்களுக்கு இன்டர்வியூ?"

அப்போதுதான் அவருக்குப் பின்னால் அடுக்கியிருந்த போர்வைகள் கண்ணில் பட்டன. தலையணை உறைகளும்.

"ஒத்திகை பாக்குறீங்கன்னுல்ல நெனைச்சேன்!" என்று பதறினார் பெரியவர்.

எதிர்க்கதவைத் திறந்து ஓடினேன். மண்டபம் காலி. வெளியே கம்பெனிக்காரர்கள் வேனில் ஏறிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் என்னைப் பார்த்து, "நீங்கதானே இன்னொரு இன்டர்வியூவில இருந்தீங்க? அங்க கிடைச்சிட்டுதா?" என்று கேட்டார். கேலியில்லை, உண்மையாகவே கேட்டார். வேன் போய்விட்டது. மறு வருடம் அவர்கள் வரவில்லை.

புத்தகத்தை ஒழுங்காக வாசித்திருந்தால் தெரிந்திருக்கும். ஜன்னல் இருந்தால் மட்டும் போதாது. அதன் வாக்குறுதியை ஏற்றுக்கொண்டவர்தான் உள்ளே இருக்க வேண்டும். கணினி அதை முதலிலேயே சோதித்துப் பார்த்துவிடும். நுவரெலியாவில் யாரும் சோதிக்கவில்லை.

அன்று திரும்பிவந்து அக்காவிடம் சொன்னேன். அவள் சிரிக்காமல் சோறு போட்டாள். மறுநாள் லயம் முழுக்கச் சிரித்தது. இன்றும் நான் வங்கியிலோ தபால் கந்தோரிலோ வரிசையில் நின்றால், மனைவி பின்னாலிருந்து கேட்பாள்: "உள்ள யாருன்னு பாத்துக்கிட்டீங்களா? போர்வை குடுக்கிறவரா இருக்கப் போறாரு."

பல வருடங்களுக்குப் பின் அந்த விடுதிக்குப் போனேன். ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். பெரியவரைத் தெரிந்தவர் யாருமில்லை. விசாரிக்க அவர் பெயரும் என்னிடம் இல்லை. இன்டர்பேஸுக்கு உள்ளே இருப்பவரின் பெயர் தேவையில்லை என்று நானும் கேட்காமலே இருந்துவிட்டேன். அவர் உண்மையிலேயே ஒத்திகை என்றுதான் நினைத்தாரா, அல்லது அவருக்கும் அன்று பேச ஆளில்லையா என்பது இதுவரை உறுதி செய்யப்படவில்லை.