முள்ளம்பன்றிக்குப் போர்த்திய பொன்னாடை

ஒரு காட்டில், அதுவும் ஒரே ஒரு குளத்தை நம்பிப் பிழைத்த காட்டில், ஏகாம்பரம் என்றொரு முள்ளம்பன்றி இருந்தார். வனப் பண்டகசாலையில் முப்பத்தெட்டு வருஷம் கணக்காளராகக் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவர். ஒரு ரசீது குறைந்தாலும் முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொள்ளும். வவுச்சர் இல்லாமல் சிங்கமே அவர் மேஜைப் பக்கம் வராது.

ஓய்வுக்குப் பிறகு வீட்டில் என்ன செய்வார்? கிழங்குக் கூடையை எண்ணினார். மறுபடியும் எண்ணினார். மனைவி பங்கஜவல்லி கையெடுத்துக் கும்பிட்டாள். “எங்கேயாவது போயிட்டு வாங்களேன், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!”

பாவம், நொந்துபோனார். வணக்கம் வைக்கக்கூட ஆளில்லை.

அந்த நேரம் பார்த்து வந்தது நரி தனசேகர், குடிநீர்க் கம்பெனி முதலாளி. “ஐயா, நீங்க எங்க டைரக்டரா வரணும். உங்க பேரைப் போட்டாலே காடு நம்பும்.” கையோடு குளப் பாதுகாப்புச் சங்கத்துக்கும் அவரையே தலைவராக்கியது. “சமூகத்துக்கும் ஏதாவது செய்யணும் இல்லையா?” ஏகாம்பரத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

முதல் போர்டு மீட்டிங். “குளத்தைச் சுத்தி வேலி போட்டுடலாம். தண்ணி மொத்தமும் நம்ம பாட்டிலுக்கு” என்றது நரி.

அடப்பாவி! முள் அத்தனையும் சடசடவென நிமிர்ந்தது. “அப்போ மத்தவங்க எங்கே போய்க் குடிப்பாங்க?”

“நல்ல கேள்வி ஐயா. அதுக்கு முன்னாடி ஒரு சின்ன மரியாதை.”

பொன்னாடை! சரிகை போட்ட அசல் பட்டு. முள் பட்டால் கிழிந்துவிடுமே என்று அவசரமாக முட்களை மடக்கிக்கொண்டார். கைதட்டல் ஓய்வதற்குள் தீர்மானம் நிறைவேறிவிட்டது.

அடுத்து, வேலி போடச் சங்கத்தின் ஆட்சேபணையின்மைக் கடிதம் வேண்டும். டைரக்டர் ஏகாம்பரம் மனுப் போட்டார். தலைவர் ஏகாம்பரம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு துருவித் துருவிப் படித்தார். ஒரு இணைப்பு விடுபட்டிருந்தால் நிராகரித்திருப்பார். விடுபடவில்லை. தயாரித்தது யார்? கையெழுத்துப் போட்டார். இன்னொரு பொன்னாடை.

சித்திரையில் பெண்மான் செண்பகம் குட்டியோடு வந்து வாசலில் நின்றது. “ஐயா, ரெண்டு நாளா குட்டிக்குத் தண்ணி இல்லை. நீங்கதானே சங்கத் தலைவர்?” குட்டியின் நாக்கு வறண்டு தொங்கியது. ஏகாம்பரம் உடனே ஒரு தாளை எடுத்து எழுதினார். முள்ளை விரித்துக்கொண்டு நேரே நரியிடம் போனார். “இந்தா, ராஜினாமா!”

“ஐயா, உங்க மனசு எனக்குத் தெரியாதா? தண்ணீர்ப்பந்தல் திறந்துடலாம். உங்க கையாலேயே.”

மறுநாள் வேலியோரம் பந்தல், பேனர், பேனரில் ஏகாம்பரம். ஃபாரம் நிரப்பினால் ஆளுக்கு ஒரு டம்ளர். வரிசை மலை வரைக்கும் நீண்டது. குட்டி குடித்து முடித்ததும் செண்பகம் கண்கலங்கியது. “நீங்க நல்லா இருக்கணும் ஐயா. இந்தக் காலத்துல யாரு இப்படிச் செய்வா?”

ஏகாம்பரத்துக்கும் கண் கலங்கியது. நிஜமாகவே. ராஜினாமாவைச் சுத்தமாக மறந்துபோனார்.

நீதி: குளத்தை எடுத்துக்கொள்வது நிர்வாகம், அதில் ஒரு டம்ளரைத் திருப்பிக் கொடுப்பது சமூக சேவை. இரண்டையும் ஒரே ஆள் செய்தால், நன்றி சொல்ல ஜனங்கள் அலைய வேண்டியதில்லை.