மூன்றாவது வீட்டுக்குத் தண்ணீர் விட்ட வரலாறு

மனித குலம் கட்டிய நகரங்களிலேயே குறையில்லாதது எங்களுடையதுதான் என்பதை மிகுந்த அடக்கத்தோடு அறிவித்துக்கொள்கிறேன். இருபத்தைந்து வருடங்களுக்கு முன் வந்த, நகரம் கட்டும் கம்ப்யூட்டர் விளையாட்டு அது. விற்றவர்களே மறந்துவிட்டார்கள். அதன் என்ஜினை, அதாவது உள்ளே ஓடும் புரோகிராமை, யார் வேண்டுமானாலும் திறந்து பார்த்துத் திருத்தும்படி புதிதாக எழுதி, வாரம் ஒரு அப்டேட் விடும் பதினான்கு 'தொண்டர்'களில் அடியேனும் ஒருவன். ஓய்வு நேரத்தில் நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் உதவிப் பொறியாளராகவும் இருக்கிறேன்.

சென்ற செவ்வாய்க்கிழமை, விளையாட்டில் கோழிகள் மதில் சுவரை ஊடுருவி நடக்கும் மாபெரும் அநியாயத்தை அலுவலகத்தில் ஆராய்ந்துகொண்டிருந்தேன். தையல்கடை அக்கா வந்து நின்றார். பதினோரு மாதத்தில் அது அவரது ஒன்பதாவது விஜயம்.

"சார், தெருவுல எங்க வீட்டுக்கு மட்டும் தண்ணி வரல. குடம் குடமா தூக்கி முதுகே போச்சு. மெஷின்ல உட்கார முடியல."

"வாயால சொன்னா எப்படிக்கா? ஆன்லைன்ல எழுதிப் போடுங்க."

முகவரியைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். கைப்பழக்கத்தில் விளையாட்டின் புகார்ப் பக்கத்தை எழுதிவிட்டது அப்போது எனக்குத் தெரியாது.

இரண்டு மணிக்கு எங்கள் விளையாட்டுக்கு ஒரு புகார் வந்தது. 'தெருவில் மூன்றாவது வீட்டுக்கு மட்டும் தண்ணீர் வரவில்லை. இப்படிக்கு, தையல்கடை.' என்ன அழகான புனைபெயர் என்று வியந்தேன். உடனே வீடியோவில் அவசரக் கூட்டம் கூடியது.

"ஒரு குடும்பம் தண்ணியில்லாம தவிக்குது, நாம பல்லைப் பிடுங்கிக்கிட்டு இருக்கோம்!" என்று பொங்கினார் எங்கள் வரைபடப் பொறுப்பாளரான பல் டாக்டர்.

"பழைய விளையாட்டுலயே அப்படித்தான் இருந்துதுன்னா, மூலத்தோட புனிதம் என்ன ஆறது?" என்றார் கணக்கு வாத்தியார்.

"புனிதத்தைக் குடிக்க முடியுமாய்யா?" என்று மேசையைத் தட்டினேன். பக்கத்து மேசையில் மேலதிகாரி விழித்துக்கொண்டார்.

விளையாட்டில் வீடு வீடாகக் குடம் இறக்கும் தண்ணீர்க்காரர், தெருமுனையில் திரும்பும்போது மூன்றாவது வீட்டை எண்ணாமல் விடுகிறார் என்று கண்டுபிடித்தேன். ஒரே ஒரு வரிதான் திருத்தம். ஐந்து மணிக்கு அப்டேட் வெளியானது. மூன்றாவது வீட்டு வாசலில் குடம் இறங்கியதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் காலை அக்கா காலிக் குடத்தோடு வந்தார்.

"குறை சரி பண்ணியாச்சு, நன்றின்னு வந்துச்சு சார். குழாயைத் திறந்தா காத்துதான் வருது."

சீட்டில் முகவரி மாறிய கதையை விளக்கினேன், திரையில் படமும் காட்டினேன். அக்கா நன்றாகக் குனிந்து பார்த்தார்.

"மூணு மணி நேரத்துலயா சரி பண்ணீங்க?"

"பின்னே? விளையாட்டாக்கா இது? அங்க மூணு மாசம் தண்ணி வரலேன்னா, பொறுப்புல இருக்கிறவனைக் கம்ப்யூட்டரே வேலையை விட்டுத் தூக்கிடும்!"

அக்கா குடத்தை என் கீபோர்டு மேல் வைத்தார்.

"நல்ல ஏற்பாடு சார். இந்த அப்டேட்டை நம்ம ஊருக்கு எப்ப விடுவாங்க?"