ஆறு மணி நேரத்தில் காயும் வார்னிஷ்

மயிலாப்பூர்,
செவ்வாய்க்கிழமை.

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் சௌக்கியம் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சௌக்கியமாகத்தான் இருந்தோம், சென்ற இதழில் 'பழைய நாற்காலியை நீங்களே புதிதாக்கலாம்' என்ற கட்டுரை வரும்வரை.

என் பெண் ஸ்நேஹாவுக்குக் கிண்டியில் வேலை. கூட வேலை பார்க்கும் செம்பியனைத்தான் கல்யாணம் செய்துகொள்வேன் என்கிறாள். தங்கமான பையன். அவன் அப்பாவுக்குத்தான் துளியும் இஷ்டமில்லை. ஞாயிறு மாலை திருவான்மியூரிலிருந்து குடும்பத்தோடு வருவார், பத்தே நிமிஷத்தில் 'யோசித்துச் சொல்கிறோம்' என்று கிளம்பிவிடுவார் என்று பையனே சொல்லிவிட்டான். கூடத்து நாற்காலியாவது மரியாதையாக இருக்கட்டுமே என்று உங்கள் கட்டுரையை எதிரே வைத்துக்கொண்டு உப்புத்தாளும் கையுமாக உட்கார்ந்தேன். பழைய பாலிஷ் போகும்வரை தேய்க்கச் சொன்னீர்கள். தேய்த்தேன், என் கைரேகைதான் முதலில் போயிற்று. நேற்று பென்ஷனுக்காக ரேகை வைத்தால், இந்த ஆள் யாரென்றே தெரியாது என்கிறது மெஷின். தூசி பறந்து கீழ்வீட்டு மாமியின் பட்டுப்புடவையில் இறங்கியது. ரோஸ்வுட் நிறம் என்று பூசியது கத்திரிக்காய் நிறமாக வந்தது. வெள்ளிக்கிழமை அதன்மேல் வார்னிஷ் அடித்தேன். ஆறு மணி நேரத்தில் காயும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள்.

ஞாயிறன்று அவர் வெள்ளை வேட்டி மடிப்புக் கலையாமல் வந்தார். "இதுல உக்காருங்கோ அங்கிள்" என்று ஸ்நேஹா அந்த நாற்காலியை இழுத்துப் போட்டாள். பத்தாவது நிமிஷம், "சரிங்க, யோசிச்சு சொல்றோம்" என்று எழுந்தார். அவர்தான் எழுந்தார், வேட்டி எழவில்லை. சட்டென்று உட்கார்ந்து, "இன்னொரு காபி கிடைக்குங்களா?" என்றார். மூன்று காபி, ஒரு தட்டு உப்புமா, இரண்டு மணி நேரப் பேச்சு. பேசப் பேச நல்ல மனுஷனாகத்தான் இருந்தார். கடைசியில் அவர் பரிதாபமாக என்னைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. என் மனைவி மற்றவர்களை மொட்டைமாடிச் செடிகள் பார்க்க அழைத்துப் போனாள். ஸ்நேஹா டர்பன்டைனும் பஞ்சுமாகப் பின்னால் உட்கார்ந்து அவரை அங்குலம் அங்குலமாக விடுவித்தாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. டர்பன்டைன் நெடியாகவும் இருக்கலாம். "என் மானத்தைக் காப்பாத்தின பொண்ணுங்க. இனிமே யோசிக்க என்ன இருக்கு?" என்றார். தை மாதம் முகூர்த்தம்.

இருந்தாலும் தப்பு தப்புதான். என் பெண்ணின் வாழ்க்கையில் விளையாடிய அந்தக் கட்டுரையாளர் அடுத்த இதழில் வருத்தம் தெரிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் சந்தாவை நிறுத்திவிடுவேன்.

தங்கள் பத்திரிகையும், தங்கள் வீட்டு நாற்காலிகளும் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
வேம்பு

பி.கு.: தபாலில் சேர்க்கும் முன் ஸ்நேஹா இதை வாங்கிப் படித்துவிட்டுச் சொல்கிறாள்: "அது வெள்ளிக்கிழமையே காஞ்சுடுத்துப்பா. ஞாயித்துக்கிழமை மத்தியானம் நீ தூங்கிண்டிருந்தப்போ நான்தான் இன்னொரு கோட் அடிச்சேன்." ஆகவே கட்டுரையில் ஒரு பிழையும் இல்லை. இந்தக் கடிதத்தைத் தயவுசெய்து கிழித்துப் போடவும். சம்பந்தியும் உங்கள் சந்தாதாரராம்.