கொரியாக்காரனும் சீனாக்காரனும்

இன்றைக்கு இதற்கு ஒரு முடிவு கட்டிவிடுவது என்று கோவர்த்தனன் கம்பெனி பஸ்ஸிலேயே தீர்மானித்துவிட்டான். ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் ஏறும்போது அது வெறும் கோபம்தான். ஆந்திர எல்லையிலிருக்கும் சத்தியவேட்டில் இறங்கும்போது சபதமாகியிருந்தது.

விஷயம் சின்னதல்ல. தண்ணி டேங்குக்குக் கீழே தினமும் எட்டு மணிக்கு கேரம். நாலு பேர் ஆட்டம். கோவர்த்தனனுக்கு ஜோடி சம்பத். கொஞ்ச நாளாக சம்பத்துக்கு ஜோடி இல்லை. ஏனென்றால் கோவர்த்தனன் வீட்டு டிவியில் ஒரு டப்பிங் நாடகக் காதல் ஏழு மணிக்கு கொரியாவில் தமிழ் பேசிக்கொண்டு தொடங்கும். எட்டு மணிக்கு இன்னொரு காதல் சீனாவில் தெலுங்கு பேசிக்கொண்டு தொடங்கும். இரண்டும் முடிகிறவரை சோறு கிடையாது. அவன் கையில் பாப்பா வேறு.

"கல்பனா, ரெண்டுல ஒண்ண நிறுத்து," என்றான் பெண்டாட்டியிடம், சட்டையைக் கழற்றுவதற்கு முன்னாலேயே.

"எந்த ரெண்டுல மாமா?"

"ஏழு மணிக்காரன், எட்டு மணிக்காரன். ரெண்டும் ஒரே கதை. எதுக்கு ரெண்டு தபா பாத்துக்கினு கீற?"

"ஒரே கதையா? அவன் ஆத்தக் காவல் காக்கறவன். எண்ணூறு வருசமா சாவாம குடைக் கடை வெச்சிக்கினு கீறான். இவன் ஆகாசத்துல தளபதி. சாபம் வாங்கிக்கினு பூமிக்கு வந்து மூலிகை அரைக்கிறான்."

"ரெண்டு பேருக்கும் பாத்தா இருவத்தஞ்சு வயசு. ரெண்டு பேரும் மழை பெஞ்சாதான் வெளிய வரானுங்க. எங்க மேனேஜரும் கொரியாக்காரருதான். ஒரு நிமிசம் லேட்டா போனா மொறைக்கிறாரு. எண்ணூறு வருசம் காத்துக்கினு இருக்கற ஆளா அவரு?"

பக்கத்து வீட்டு யசோதா சிரித்தாள். இரண்டு நாடகத்துக்கும் அவள்தான் கல்பனாவுக்குத் துணை. கல்பனா சிரிக்கவில்லை. பாப்பாவின் வாயைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்.

"அப்ப நிரூபி மாமா."

"இன்னா நிரூபிக்கறது?"

"ரெண்டையும் ஒக்காந்து ஒழுங்கா பாரு. எட்டு மணிக்காரன் பேசறத ஒண்ணு விடாம எடுத்துச் சொல்லு. எங்கெங்க ஒண்ணா கீதுன்னு காட்டு. முடிவு வரைக்கும். யசோதாக்கா தீர்ப்பு சொல்லட்டும். ஒண்ணுதான்னா எட்டு மணிய விட்டுடறேன். சோத்தத் துன்னுட்டு நீ கேரமுக்குப் போ."

"இல்லன்னா?"

"ஞாயித்துக்கெழம கறிக்கொழம்பு உன் கையில."

கோவர்த்தனனுக்கு உள்ளுக்குள் ஒரே குளிர்ச்சி. இவ்வளவு சுலபமாகச் சிக்குவாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. இண்டர் என்கிற பிளஸ் டூ வரைக்கும் தெலுங்கில் படித்தவன் அவன். ஆகாசத் தளபதி எவ்வளவு வேகமாகப் பேசினாலும் அவனுக்குத் தண்ணீர் குடிக்கிற மாதிரி.

மறுநாளே உட்கார்ந்தான். மடியில் பாப்பா, ஒரு பக்கம் பெண்டாட்டி, மறு பக்கம் நீதிபதி.

"இப்ப இன்னா சொன்னான்?"

"போன ஜென்மத்துல நீ மல்லிச் செடியா இருந்த, உனக்கு நான் தண்ணி ஊத்தினேன்னு சொல்றான்."

"ஐய, பாவம். அவ இன்னா சொல்றா?"

"எனக்கு ஞாபகம் இல்லன்றா. பாத்தியா? கொரியாக்காரிக்கும் ஞாபகம் இல்ல. ஒண்ணு."

"அதெப்படி? அங்க ஆத்துல உழுந்து மறந்தா. இங்க கசாயம் குடிச்சி மறந்தா."

"எப்படி மறந்தா இன்னா, மறதி மறதிதானே?"

"நீ கேஸ் சிலிண்டர் புக் பண்ண மறந்துட்ட, நான் சோறாக்க மறந்துட்டேன். ரெண்டும் ஒண்ணா?"

அடுத்த நாள் கம்பெனி அசெம்ப்ளி லைனில் நின்று ஸ்க்ரூ முடுக்கும்போதெல்லாம் கோவர்த்தனன் இதற்குப் பதிலைத் தேடினான். சாயங்காலம் பஸ்ஸில் கிடைத்தது. வீட்டுக்கு ஓடினான். இப்படியே தினமும் ஓடினான். கேட்டுக்கொண்டே அவரைக்காய் உரித்தான், பாப்பாவைத் தூங்கவைத்தான். தளபதியின் தலைமுடி ஒரே ராத்திரியில் வெளுத்துப்போனதைச் சொல்லும்போது அவன் உரித்த கொட்டையைத் தோல் குவியலில் போட்டான். யசோதா முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். டேங்குப் பக்கமிருந்து சம்பத் இரண்டு முறை ஆள் அனுப்பினான். "கோர்ட்டு நடக்குது, போ," என்று அனுப்பிவிட்டான் கோவர்த்தனன்.

கடைசியில் இரண்டு நாடகமும் முடிந்தன. கொரியாவில் அவன் பனியாகக் கரைந்து, பிறகு குடை பிடித்துக்கொண்டு வந்தான். சீனாவில் அவன் நட்சத்திரமாகச் சிதறி, பிறகு மூலிகைக் கூடையோடு வந்தான். கோவர்த்தனன் எழுந்து நின்றான்.

"ரெண்டு பேரும் செத்தானுங்க, ரெண்டு பேரும் வந்தானுங்க. கல்யாணத்த மட்டும் ரெண்டு பேருமே கண்ணுல காட்டல. ஒரே கதை. தீர்ப்பு சொல்லு யசோதாக்கா."

"ஒண்ணுதான் தம்பி," என்றாள் யசோதா. "நீ நல்லா இருக்கணும். நீ இல்லன்னா நாங்க ரெண்டு பேரும் எட்டு மணிக்காரன் வாயத்தான் பாத்துக்கினு இருந்திருப்போம்."

"வாயையா?"

"பின்ன இன்னா? தமிழ்நாட்டுலருந்து வாக்கப்பட்டு வந்த ஊத்துக்கோட்டைக்காரிக்கும் திருத்தணிக்காரிக்கும் அந்தத் தெலுங்கு எங்க புரியும்?"

கோவர்த்தனன் பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் பாப்பாவின் ஜடையைப் பின்னிக்கொண்டிருந்தாள்.

"ஏமே, சந்தையில அந்தப் பேச்சு பேசற?"

"கத்திரிக்கா வாங்கற தெலுங்கு வரும் மாமா. தேவலோகத் தெலுங்கு வராது. நாடகம் தொடங்கின புதுசுல எத்தினி தபா கூப்ட்டேன், வந்து குந்து, கொஞ்சம் சொல்லுன்னு. கேரம் கீதுன்ன."

அவனுக்கு முகம் சிவந்தது. மாதக்கணக்கில் உட்காரவைத்து வேலை வாங்கியிருக்கிறாள். அவனும் பஸ்ஸைவிட்டு இறங்கி ஓடிவந்து செய்திருக்கிறான். "இனிமே என்னிய உக்கார வைக்க முடியாது," என்றான்.

"வேணாம் மாமா. நீதான் ஜெயிச்சுட்ட. நான் சொன்ன வார்த்த மாற மாட்டேன். நாளைக்கு எட்டு மணிக்கே சோறு ரெடி."

மறுநாள் எட்டு மணிக்கெல்லாம் சுடச்சுட சோறு. சாப்பிட்டான். தலை வாரினான். செருப்பை மாட்டினான். சுதந்திரம் என்றால் எப்படி இருக்கும் என்று தெரிந்தது. உள்ளே கல்பனா யசோதாவிடம் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"விடுக்கா. வார்த்த குடுத்துட்டேன். ஆனா அந்தத் தாய்லாந்து நாடகம் நெஜமாவே வேறயாம்."

"பாம்பு ராஜாவா?"

"ஆமா. அதுல யாரும் எதையும் மறக்கறதே இல்லையாம். இதுங்களோட சேக்கவே முடியாதாம். அதுவும் தெலுங்குதான். போவட்டும்."

கோவர்த்தனன் வாசல்படியில் நின்றான்.

"இன்னா வேற?" என்றான் திரும்பிப் பார்க்காமல். "பாம்புன்னா சட்டைய உரிக்கும், பழைய ஜென்மம் போவும், புது ஜென்மம் வரும். அதே கதைதான்."

"இல்லன்றாங்களே மாமா."

"யாரு சொன்னது?"

"எல்லாரும்தான்."

"எல்லாருக்கும் இன்னா தெரியும்? மொத எபிசோட போடு. பாப்பாவ இங்க குடு."

டேங்குக்குக் கீழே அன்றைக்கும் மூன்று பேர்தான் கேரம் ஆடினார்கள்.