குழு மாறிப் போன புழு

எழுதத் தெரிந்தவர்கள் எழுதும் இடத்தில் நானும் வந்து உட்கார்ந்ததற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். நான் பத்தாவது வரை படித்தவள். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு சொந்தமாக எழுதியது மொத்தம் ஐந்து வரி. அந்த ஐந்து வரியே என் பிழைப்பில் மண்ணைப் போட்டது.

சங்ககிரியில் பதினோரு வருடம் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்றேன். ஆட்களிடம் சரளமாகப் பேச்சு வராதவள் நான்; மாவு நன்றாக இருந்ததால் அதை யாரும் குறையாகச் சொல்லவில்லை. வீட்டுக்காரர் லாரிக்குப் போய்விடுவார். மொட்டை மாடியில் நாலு கறிவேப்பிலைச் செடி. அவற்றின் உரத்துக்காக ஒரு தொட்டியில் மண்புழு வளர்த்தேன். மக்கிய சாணி, காய்கறித் தோல், மேலே ஈரச்சாக்கு. (அதுகளிடம் மட்டும் நிறையப் பேசுவேன். திருப்பிக் கேள்வி கேட்காத ஜனம்.)

என் போனில் இரண்டு வாட்ஸ்அப் குழுக்கள். 'மாவு' வாடிக்கையாளர்களுக்கு. 'மாடித்தோட்டம்' செடி வளர்ப்பவர்களுக்கு. தோட்டக் குழுவில் ஒரு வருடமாக மற்றவர்கள் எழுதியதைப் படித்தேனே தவிர, வாய் திறந்ததில்லை. ஒரு ஞாயிறு காலை எங்கிருந்தோ தைரியம் வந்தது. அரை மணி நேரம் தட்டினேன்:

"அரைக் கிலோதான் வாங்கி விட்டேன்.
இரண்டு மாதத்தில் நன்றாகப் பெருகிவிட்டது.
ஈரச்சாக்கைத் தூக்கினால் நெளிகிறது.
கையால் அள்ளினாலும் நாற்றமே இல்லை.
வேண்டியவர்கள் பாத்திரம் கொண்டுவந்தால் தருகிறேன்."

கூடவே ஒரு போட்டோ. கை நிறையப் புழு. தினமும் மாவு அள்ளிப் போடுகிற அதே கை, அதே பச்சை வளையல்.

அனுப்பிய பிறகுதான் மேலே பார்த்தேன். 'மாவு.'

அழிக்கப் போனால், எல்லாருக்கும் அழிக்கவா, எனக்கு மட்டும் அழிக்கவா என்று கேட்டது. எனக்கு மட்டும் என்பதைத் தொட்டேன். (எல்லாருடையதையும் அழிக்க நான் யார்?) செய்தி மறைந்தது. நிம்மதியாகக் காபி குடித்தேன்.

சாயங்காலம் மாவு வாங்க யாரும் வரவில்லை. பக்கத்து வீட்டு பரமேஸ்வரி அக்கா மட்டும் வந்தார், போனோடு, பாத்திரம் இல்லாமல்.

"ஏஞ்சாமி, மாவுல புழு நெளியுதுன்னு ஊருக்கு முந்தி நீயே போட்டோ போட்டுருக்கறே? பாத்திரம் கொண்டாந்தா தாரேன்னு வேற!"

"அது செடிக்குங்கக்கா..."

"எனக்குத் தெரியுது கண்ணு. அவிங்களுக்கு யாரு சொல்றது? ஒரு வார்த்தை எழுதிப் போடு."

எழுத உட்கார்ந்தேன். 'வணக்கம்' வரை வந்தது. அதற்குள் வரிசையாக 'வெளியேறினார்', 'வெளியேறினார்' என்று போன் சொல்லிக்கொண்டே இருந்தது. பதினோரு வருடம் என் மாவைத் தின்றவர்கள். ஒருத்தராவது "என்னங்க இது?" என்று கேட்டிருக்கலாம். பிறகு அவர்களைக் கடையில் பாக்கெட் மாவோடு பார்த்தால் நான்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், அவர்களுக்குச் சங்கடம் வேண்டாமென்று.

இன்றைக்கும் வீட்டுக்காரர் லாரியிலிருந்து போன் செய்தால், "ஏம்புள்ள, ஊட்டுக்கு வாரேன், பாத்திரம் கொண்டாரட்டுமா?" என்றுதான் தொடங்குவார். சொந்தக்காரர் கல்யாணப் பந்தியில் எனக்கு இட்லி வைக்கும்போதும் யாராவது இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். சிரிக்காவிட்டால் பேச வேண்டிவரும்.

அந்த ஞாயிறுக்கு மறுநாள், விற்காத மாவு புளித்துப் பொங்கிக் கிடந்தது. வீணாக்க மனசில்லாமல் தொட்டியில் கொட்டினேன். சாயங்காலம் புழுக்களும் வெளியேறின.